மலடி உண்டு, மலடன் இல்லை: குழந்தையின்மையும் ஆணின் மனச்சோர்வும்

கல்யாணமாகி ஆறு மாதம் போனால் போதும், "ஏதாவது விசேஷம் உண்டா?" என்ற கேள்வி ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் அது பெண்ணிடம்தான் போகிறது. கோயில் பிரகாரத்தில் கேட்பார்கள், வளைகாப்பு வீட்டில் கேட்பார்கள், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் கேட்பார்கள். ஆணிடம் கேட்கிறவர்கள் வேறு மாதிரி கேட்பார்கள். டீக்கடை பெஞ்சில் தோளைத் தட்டி, "என்ன மாப்ள, இன்னும் ஒண்ணும் காணோம்?" என்று சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். கேலியாக வந்த கேள்விக்கு முகம் வாடினால் அந்த வாட்டமே பதிலாகிவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

குழந்தையின்மையில் ஆண்களுக்கு வரும் மனச்சோர்வு ஏன் கண்ணில் படுவதில்லை என்று யோசித்தால் அந்தச் சிரிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. துக்கம் இல்லாமல் இல்லை. அதைச் சொல்ல வாய் திறந்தால் வேறு எதையோ ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுகிறது, அதுதான் சிக்கல்.

'மலடி' என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். 'மலடன்' அகராதியில் இருக்கிறது. ஆனால் சண்டையில் யாரும் அதை வீசி நான் கேட்டதில்லை. பிள்ளையில்லாத ஆணைக் குத்த வேண்டுமென்றால் "அவன் ஆம்பளையே இல்ல" என்பார்கள். பெண் மீது விழும் வசை அவள் வயிற்றைப் பற்றியது. ஆண் மீது விழுவது அவன் ஆணா இல்லையா என்பதையே பற்றியது. இதற்கு ஏற்றாற்போல 'ஆண்மைக்குறைவு' என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, விறைப்புக் கோளாறு, விந்தணுக் குறைபாடு இரண்டையும் அதற்குள் போட்டு மூடிவிட்டோம்.

உடலைக் கேட்டால் இரண்டும் தனித்தனிக் கதை. தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாத ஒருவரின் விந்தில் ஓர் அணுகூட இல்லாமல் இருக்கலாம். வெளிவருவதில் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் ஊறும் திரவம்தான். விதையிலிருந்து வரும் அணுக்கள் அளவில் மிகச் சொற்பம். அதனால் அவை இருக்கின்றனவா இல்லையா என்று பார்த்தும் தெரியாது, உணர்ந்தும் தெரியாது. மைக்ராஸ்கோப்பில் வைத்தால்தான் தெரியும். அதேபோல விறைப்புக் கோளாறுள்ள ஒருவருக்கு அணு எண்ணிக்கை பிரமாதமாக இருக்கலாம். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் லேப் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும் பல ஆண்கள் அதில் தங்கள் ஆண்மைக்கு மார்க் போட்டிருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

டீக்கடை பெஞ்சை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பொய் மருத்துவ விளம்பரங்களைத் தடுக்க 1954-ல் வந்த மருந்துகள், மாயத் தீர்வுகள் பற்றிய சட்டம் ஒன்று உண்டு. எந்தெந்த நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று அதன் அட்டவணையில் ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. அதில் 'பெண்களின் மலட்டுத்தன்மை' இடம்பெறுகிறது. ஆண்களின் மலட்டுத்தன்மை என்று ஒரு வரி தேடினால் கிடைக்காது. பட்டியலில் இருப்பது பாலியல் ஆண்மையின்மை. பெண் என்றால் கருப்பை, ஆண் என்றால் வீரியம் என்ற அதே கணக்குதான், சட்ட மொழியில்.

இத்தனைக்கும் பழைய கதைகளில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. பிள்ளையில்லையே என்று உருகி யாகம் வளர்த்தவன் தசரதன்தான். அதற்காக அவன் வீரத்தை யாரும் சந்தேகப்படவில்லை.

சரி, எண்களுக்கு வருவோம். கருத்தடை இல்லாமல் 12 மாதம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால் அதைக் குழந்தையின்மை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2023-ல் அது வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய 17.5 சதவீதம் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் இதைச் சந்திக்கிறார்கள். இந்தத் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணம் இருக்கிறது. சிலரிடம் அது மட்டுமே, சிலரிடம் பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்து. அந்த '12 மாதம் சேர்ந்து வாழ்ந்தும்' என்பதை ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து வளைகுடாக் குடும்பங்கள் கொஞ்சம் அழுத்தி வாசிக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 45 நாள் லீவில் வந்து போகிற கணவர் கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிவிட்டதே என்று கலங்குகிறார். கூட்டிப் பார்த்தால் இருவரும் ஒரே வீட்டில் இருந்தது ஆறு மாதம்கூடத் தேறாது. அங்கே கோளாறு விசாவில் இருக்கலாம், உடம்பில் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

ஆணுக்குச் செய்யும் முதல் சோதனை மிக எளியது. ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, பெரிய செலவும் இல்லை. பெண்ணுக்கோ ரத்தச் சோதனைகள், உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேன், கருக்குழாயில் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பி என்று நீண்டுகொண்டே போகும். இருவரையும் ஒரே நேரத்தில் பரிசோதிக்க வேண்டும் என்பதுதான் அமெரிக்க யூராலஜி சங்கமும் இனப்பெருக்க மருத்துவச் சங்கமும் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். நம் வீடுகளில் வரிசை வேறு. முதலில் அவள் போவாள். மாமியாரோ அம்மாவோ கூடப் போவார்கள். மாதக்கணக்கில் மாத்திரை, ஊசி, விரதம், தொட்டில் கட்டுதல் எல்லாம் முடிந்த பிறகு, "எதுக்கும் சாரையும் ஒரு டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்பார்கள்.

இந்தத் தாமதத்தில் பெண்ணின் உடம்பு படும் பாடு தெரிந்ததே. ஆணுக்கும் இதில் ஒரு பொறி இருக்கிறது. கடைசியில் ரிப்போர்ட் வந்து, காரணம் தன் பக்கம் என்று தெரியும்போது, அவள் இத்தனை நாள் பட்டதெல்லாம் வீண் என்பதும் அதே நிமிடத்தில் தெரிகிறது. இழப்பும் குற்ற உணர்ச்சியும் சேர்ந்தே வந்து உட்காருகின்றன. மனச்சோர்வுக்கு இதைவிடத் தோதான நிலம் வேண்டாம்.

அந்த ரிப்போர்ட் வருகிற விதத்தையும் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் டாக்டர் பார்ப்பதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்துவிடுகிறது. ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் திறந்து பார்க்கிறார். 'சரியான வடிவமுள்ளவை: 4 சதவீதம்'. அப்படியானால் மீதி 96? இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு தேடத் தொடங்குகிறார். உண்மையில் அந்த 4 சதவீதம்தான் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கீழ் எல்லை. அந்தக் கட்டத்தில் அவருக்குப் பிரச்சினையே இல்லை. 2021-ல் வந்த அதன் ஆறாம் பதிப்புக் கையேட்டின்படி ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி அணுக்கள், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம் என்பன மற்ற எல்லைகள். இவை எப்படி வந்தன தெரியுமா? ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களின் மாதிரிகளை எடுத்துப் பார்த்து, அவர்களில் கடைசி 5 சதவீதம் பேர் எந்த அளவுக்குக் கீழே இருந்தார்களோ அதைக் கோடாகப் போட்டார்கள். அதாவது கோட்டுக்குக் கீழே இருந்தவர்களும் அப்பாவானவர்கள்தான். கோட்டுக்கு மேலே இருப்பதும் உத்தரவாதம் இல்லை. இது பாஸ், ஃபெயில் கணக்கே அல்ல. ஆனால் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் அச்சாகி வரும்போது அப்படித்தான் தெரிகிறது.

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்வதில்லை என்பதையும் யாராவது அந்த மதியமே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஓர் அணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகிறது; அது வெளியே வந்து சேரும் நாட்களையும் கூட்டினால் மூன்று மாதக் கணக்கு. இரண்டு மாதம் முன்பு வந்த கடும் காய்ச்சல் இன்றைய எண்ணிக்கையைக் கீழே இழுக்கலாம். அதனால்தான் குறைவாக இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள், மருந்து கொடுத்தாலும் மூன்று மாதம் கழித்துப் பார்க்கிறார்கள். காத்திருப்பவருக்கு அந்த மூன்று மாதம் எப்படிப் போகும் என்பது தனிக்கதை.

சிலருக்கு ரிப்போர்ட்டில் ஒற்றை ஆங்கிலச் சொல்தான் இருக்கும்: 'நில்' (Nil). அணுவே இல்லை. எல்லா ஆண்களிலும் சுமார் 1 சதவீதம் பேருக்கும், குழந்தையின்மைக்காக மருத்துவரிடம் வரும் ஆண்களில் 10 முதல் 15 சதவீதம் பேருக்கும் இந்த நிலை. அதிலும் இரண்டு வகை. உற்பத்தி நடக்கிறது, வழி அடைத்திருக்கிறது என்பது ஒன்று. உற்பத்தியே மிகக் குறைவு அல்லது இல்லை என்பது மற்றொன்று. பருவமடைந்த பிறகு வந்த பொன்னுக்கு வீங்கி விதையைத் தாக்கியிருக்கலாம், ஏறக்குறைய 600 ஆண்களில் ஒருவருக்கு இருக்கும் கூடுதல் எக்ஸ் குரோமோசோம் காரணமாக இருக்கலாம். 1992-ல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் ஒற்றை அணுவை முட்டைக்குள் செலுத்திக் குழந்தை பிறந்ததை அறிவித்தார்கள். 'இக்சி' என்று இன்று எல்லா ஊரிலும் போர்டில் தொங்கும் அந்த முறை வந்த பிறகு, விதையிலிருந்தே அணுவை எடுத்துப் பயன்படுத்த முடிகிறது. ஆகவே 'நில்' பலருக்கு முடிவு இல்லை. சிலருக்கு முடிவுதான். யாருக்கு எது என்று தெரியும்வரை அந்தச் சொல் ஆளை உள்ளே அரித்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு பெரிய கூட்டத்துக்குக் காரணமே தெரிவதில்லை. எல்லாச் சோதனையும் எடுத்த பிறகும், "ஏன்னு சொல்ல முடியலைங்க" என்று டாக்டர் கையை விரிக்கிறார். காரணம் இல்லாத இடத்தில் மனசு தானே ஒன்றைத் தோண்டி எடுக்கும். நம் ஊரில் அது தோண்டி எடுப்பது பெரும்பாலும் பதினாறு வயதுக் கைப்பழக்கத்தை. இதற்குப் பின்னால் ஒரு பெரிய வியாபாரம் இருக்கிறது. இன்ன தேதியில் இன்ன ஊரில் இன்ன லாட்ஜில் வைத்தியர் தங்கியிருப்பார் என்ற சுவர் விளம்பரமும், நடுராத்திரி டிவி நிகழ்ச்சியும், 'இளம்வயதுத் தவறுகள்' என்ற அந்த வழுவழுப்பான சொல்லும் இரண்டு மூன்று தலைமுறை ஆண்களைப் பயமுறுத்திப் பிழைத்திருக்கின்றன. சுயஇன்பத்தால் விந்தணு தீர்ந்துபோவதில்லை, மலட்டுத்தன்மையும் வருவதில்லை. விதை அணுக்களைத் தினமும் கோடிக்கணக்கில் செய்துகொண்டே இருக்கிறது. இதை எட்டாம் வகுப்பில் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் முப்பது வயதில் தங்களையே தண்டித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

லாட்ஜுக்குப் போகாத புதிய தலைமுறை ஜிம்முக்குப் போகிறது. அங்கே வேறொரு ஆபத்து. உடம்பு ஏற வேண்டும், 'ஆம்பளையாக'த் தெரிய வேண்டும் என்று ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ அதைச் சார்ந்த ஸ்டீராய்டோ போட்டுக்கொண்டால், ரத்தத்தில் ஏற்கெனவே நிறைய இருக்கிறதே என்று மூளை விதைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விதை சுருங்கும், அணு உற்பத்தி சரியும், சிலருக்குப் பூஜ்யத்தையே தொடும். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும்; மாதங்கள் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். தளர்ச்சியாக இருக்கிறது, மனசு சரியில்லை என்று போகிற ஒருவருக்கு, குழந்தைக்கு முயல்கிறாரா என்று கேட்காமலே இந்த ஊசியைப் போட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். குழந்தை வேண்டும் என்கிற ஆணுக்கு இது நேர் எதிர் வைத்தியம்.

அப்புறம் அந்த அறை. மருத்துவமனையின் ஏதோ ஒரு மூலையில், 'சாம்பிள் ரூம்'. கையில் பெயர் எழுதிய பிளாஸ்டிக் டப்பா. வெளியே நர்ஸ், அடுத்தவர் காத்திருக்கிறார், கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மொபைலில் சத்தமாகப் பேசுகிறார்கள். இதைப் பெண் படும் வலியோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐவிஎஃப் சிகிச்சையில், முட்டை எடுக்கும் நாளில் மனைவி மயக்கத்தில் இருக்க, இந்தப் பத்து நிமிடத்தில் தன்னால் முடியாவிட்டால் எல்லாம் போச்சு என்ற நினைப்போடு அந்த அறைக்குள் போகிறவரின் நெஞ்சு எப்படி அடிக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். சிலருக்கு அந்த நாளில் முடியாமலே போகிறது. முன்கூட்டியே ஒரு மாதிரியை உறையவைத்துக்கொள்ள முடியும் என்று சொன்னால் பாதிப் பயம் போய்விடும். சொல்லாத இடங்களும் உண்டு.

வீட்டிலும் அதே கதைதான். முட்டை வளர்ச்சி ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டு, "இன்னைக்கும் நாளைக்கும் சேர்ந்திருங்க" என்று அனுப்புகிறார்கள். தாம்பத்தியம் அன்றோடு தேதி போட்ட வேலையாகிவிடுகிறது. ஆசை இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. இரண்டு மூன்று மாதத்தில், இதற்கு முன் ஒரு பிரச்சினையும் இல்லாத ஆணுக்கும் விறைப்பில் தடுமாற்றம் வருகிறது. அதை அவர் எப்படிப் படிக்கிறார்? பார், கடைசியில் நிஜமாகவே நான் ஆம்பளை இல்லை. மொழியில் இருந்த குழப்பம் இப்போது உடம்புக்குள் இறங்கிவிட்டது.

இனி மனச்சோர்வுக்கு வருவோம். டிப்ரஷன் என்றால் அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பது என்று நினைக்கிறோம். ஆண்களிடம் அது பல சமயம் கோபமாக வரும். சின்ன விஷயத்துக்குத் தட்டை வீசுவது, வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவது, வேலை இருக்கிறது என்று ராத்திரி பத்து மணிவரை ஆபீஸிலேயே இருப்பது, வாரம் ஒருமுறை இருந்த குடி தினமும் ஆவது. பெயர்சூட்டு விழா, காதுகுத்து என்று பத்திரிகை வந்தால் அன்றைக்குப் பார்த்து வெளியூர் வேலை முளைக்கும். வீட்டில் "இவருக்கு இப்பல்லாம் மூக்குமேல கோபம் வருது" என்பார்கள். தூக்கம் போயிருக்கும், பசி போயிருக்கும், பிடித்த கிரிக்கெட் மேட்ச்கூடச் சுவாரசியமில்லாமல் போயிருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் அது வெறும் மூட் இல்லை. பிஎச்கியூ-9 என்று ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும், 27-க்கு மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. நிரப்ப ஐந்து நிமிடம் போதும். கருத்தரிப்பு மையத்தின் வரவேற்பறையில் வைத்தால் யார் வேண்டாம் என்கிறார்கள்?

இந்த வேதனை 'குறை என் பக்கம்' என்பதால் மட்டும் வருவது என்று நினைத்தால் அது முழு உண்மையில்லை. டென்மார்க்கில் சிகிச்சைக்கு வந்து பலன் கிடைக்காத 256 ஆண்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. குறை ஆணிடமா, பெண்ணிடமா, இருவரிடமுமா, காரணமே தெரியாததா என்று பிரித்துப் பார்த்தார்கள். எல்லாப் பிரிவிலும் ஓராண்டில் மனநலம் சரிந்திருந்தது. ஆண் பக்கக் குறை உள்ளவர்கள் மட்டும் கூடுதலாக வாடியதாகத் தெரியவில்லை. ரிப்போர்ட் சரியாக இருக்கிற ஆணும் உள்ளே உடைகிறான். அவனிடம் "உனக்கென்னப்பா, உன் ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்வதில் ஆறுதலே இல்லை. அவனுக்கு வேண்டியது ரிப்போர்ட் இல்லையே, பிள்ளை.

நம் வீடுகளில் இதற்கு மேல் இன்னொரு அடுக்கு இருக்கிறது. குறை கணவனிடம் என்று தெரிந்ததும் மனைவி செய்கிற முதல் காரியம், அதை மறைப்பது. மாமியாரிடமும் சொந்தத் தாயிடமும், "எனக்குத்தான் கர்ப்பப்பையில ஏதோ பிரச்சினையாம்" என்று பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொள்வாள். ஊர் பேச்சை அவள் வாங்குவாள், விரதம் அவள் இருப்பாள், மறுகல்யாணப் பேச்சு எழுந்தால் அதையும் அவள்தான் கேட்டுக்கொண்டு நிற்பாள். அன்பினால்தான் செய்கிறாள், நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கணவனுக்கு என்ன நடக்கிறது? தன் அம்மா தன் மனைவியைக் குத்திப் பேசுவதைக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். வாயைத் திறந்தால் தன் ரகசியம் வெளியாகும். திறக்காவிட்டால் தன்னைத் தானே அருவருக்கிறான். எனக்குத் தோன்றுவது, இந்த மௌனத்தில் உட்கார்ந்திருக்கிற நாட்கள்தான் பல ஆண்களை 'நில்' என்ற சொல்லைவிட அதிகமாக உடைக்கின்றன. அந்த வெறுப்பு சில வீடுகளில் திரும்பி அவள்மீதே கோபமாகப் பாய்கிறது. காப்பாற்றியவளைப் பார்க்கும்போதெல்லாம் தன் தோல்வி நினைவுக்கு வருவதால் அவள் முகத்தையே பார்க்காமல் இருக்கும் கணவர்களும் உண்டு. அப்போது அவளுக்கு இரண்டு பக்கமும் அடி.

பணம் இன்னொரு பாரம். ஒரு ஐவிஎஃப் சுற்றுக்கு லட்சத்துக்கு மேல் ஆகிறது. ஒரே சுற்றில் முடிவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இன்ஷூரன்ஸ் பக்கம் போகலாம் என்றால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த நிலையான விலக்குப் பட்டியலில் 17-ஆம் எண்ணாக மலட்டுத்தன்மை நிற்கிறது. வழக்கமான பாலிசி தொடாது. நகை அடகுக்குப் போகிறது, பி.எஃப். பணம் வெளியே வருகிறது. சம்பாதிப்பதுதான் ஆணின் வேலை என்று வளர்த்த வீட்டில், அதிலும் தோற்றேன் என்ற எண்ணம் சேர்ந்துகொள்கிறது.

"டென்ஷன் ஆகாதே, மனசு லேசா இருந்தா தானா நிக்கும்" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. 2011-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 14 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள், 3,583 பெண்கள். சிகிச்சைக்கு முன் இருந்த மனக்கவலைக்கும் அந்தச் சுற்று பலிப்பதற்கும் தொடர்பு காணவில்லை. ஆகவே கவலைப்பட்டதால்தான் போச்சு என்று யாரும் யாரையும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை. ஆனால் கவலை வேறு, முற்றிய மனச்சோர்வு வேறு. 2018-ல் அமெரிக்காவில் 1,600-க்கும் மேற்பட்ட ஆண்களின் விவரங்களைப் பார்த்தபோது, கடும் மனச்சோர்வு இருந்த ஆண்களின் மனைவியருக்குக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 60 சதவீதம் குறைவாக இருந்தது. அது ஐவிஎஃப் அல்லாத சிகிச்சைகளைப் பற்றியது. கடும் மனச்சோர்வு இருந்த ஆண்களும் அதில் வெறும் 2 சதவீதத்துக்குச் சற்று மேல்தான், காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் ஆணின் மனசைப் பார்ப்பது குழந்தைக்கான சிகிச்சைக்கு வெளியே உள்ள சமாச்சாரம் என்று ஒதுக்க இனி முடியாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மனச்சோர்வுக்கு வைத்தியம் இருக்கிறது, பேச்சுவழிச் சிகிச்சையும் உண்டு, மாத்திரையும் உண்டு. மாத்திரையில் ஒரு விஷயத்தை மட்டும் மறைக்காமல் பேச வேண்டும். மனச்சோர்வுக்குப் பரவலாகத் தரப்படும் சில மருந்துகள் ஆசையையும் விந்து வெளியேறுவதையும் பாதிக்கலாம். விந்தணுவின் தரத்தையும் தொடலாம் என்ற ஐயம் உண்டு. குழந்தைக்கு முயல்கிறோம் என்று மனநல மருத்துவரிடம் சொன்னால் அவர் அதற்கேற்ற மருந்தைத் தேர்ந்தெடுப்பார். பயந்துபோய்த் தானாக நிறுத்துவது மனசையும் குழந்தைக்கான முயற்சியையும் சேர்த்துக் கெடுக்கும்.

சட்டமும் கொஞ்சம் துணைக்கு இருக்கிறது. 2021-ல் நிறைவேறி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், சிகிச்சையின் விளைவுகள், வெற்றி வாய்ப்பு, செலவு, ஆபத்து எல்லாவற்றையும் தம்பதிக்கு ஆலோசனை தந்து விளக்க வேண்டும் என்கிறது. 'தம்பதிக்கு' என்றால் இருவருக்கும். நடப்பில் அது பல இடங்களில் கையெழுத்து வாங்கும் சடங்காகப் போய்விடுகிறது. ஃபைல் மனைவி பெயரில் இருக்கும். கணவரின் ரிப்போர்ட் அதன் பின்னால் குத்தப்பட்ட ஒரு தாள். டாக்டர் பேசும்போது அவளைப் பார்த்துப் பேசுவார், இவர் பர்ஸோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஆண்களின் இனப்பெருக்கக் கோளாறுகளைப் பார்க்கும் ஆண்ட்ராலஜி மருத்துவரையோ யூராலஜி மருத்துவரையோ தனியாகப் பார்த்து, தன் பெயரில் ஒரு ஃபைல் போட்டுக்கொள்வது சின்னக் காரியம்தான். ஆனால் அங்கே அவரிடம் யாராவது "தூங்குறீங்களா?" என்று கேட்க ஒரு சந்தர்ப்பம் கிடைக்கிறது. விதைப்பையில் ரத்தக்குழாய்கள் புடைக்கும் வேரிகோசீல் போலச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் பிடிபடுவதும் அங்கேதான். குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் அது இருக்கிறது.

முகம் காட்டிப் பேசக் கூச்சமாக இருந்தால் போன் இருக்கிறது. மத்திய அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம், எந்நேரமும். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு. செத்துப்போய்விடலாம் என்ற நினைப்பு ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் அன்றைக்கே கூப்பிட வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சிகிச்சை எங்கே முடிகிறது என்பதையும் பேச வேண்டும், அதுதான் ஆண்கள் அதிகம் தள்ளிப்போடும் பேச்சு. தானமாகக் கிடைக்கும் விந்தணு ஒரு வழி. சட்டப்படி ஒரு கொடையாளியின் அணுவை ஒரே ஒரு தம்பதிக்குத்தான் தரலாம், பிறக்கும் குழந்தை அந்தத் தம்பதியின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும். சட்டம் எளிதாகச் சொல்லிவிட்டது. கையெழுத்துப் போடுகிற கணவரின் கை நடுங்குகிறது. குழந்தைக்கு யார் ஜாடை என்று பாட்டி கேட்கப்போகும் கேள்வி அவர் காதில் இப்போதே விழுகிறது. அந்த நடுக்கத்தைப் பேசித் தீர்க்காமல் 'சரி, செய்யுங்க' என்று சொல்லிவிட்டு, பிறகு குழந்தையிடம் ஒட்ட முடியாமல் தவிப்பதைவிட, ஆறு மாதம் தாமதித்து ஆலோசகரோடு உட்கார்ந்து பேசுவது மேல்.

தத்து இன்னொரு வழி. அங்கே ஆண்டுக்கணக்கில் வரிசை இருக்கிறது, வயது வரம்பும் இருக்கிறது. 2022 விதிகளின்படி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் கணவன் மனைவி இருவரின் வயதையும் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. அவருக்கு 45, அவளுக்கு 41 என்றால் அந்தக் கதவு மூடியாயிற்று. கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கு வரம்பு 90, 100 என்று ஏறும். ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று தயங்கியே பல கணவர்கள் அந்த 85-ஐக் கடந்துவிடுகிறார்கள். மூன்றாவது ஐவிஎஃப்புக்குப் பணம் கட்டும் கவுன்டரில் இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டுவதில்லை.